முதல் காசின் மேடுகள்

பட்டறையில் இருக்கும்போது காசின் மேல் ஒன்றும் இல்லை. அளக்கப் போன இடத்தில் மேடுகள் இருந்தன. திரும்பிப் பட்டறைக்கு வந்ததும் மறுபடியும் ஒன்றும் இல்லை.

மாதேஸ்வரன் அந்த மூன்று வெள்ளிக் காசுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வலது கண்ணில் லூப்பை, சின்ன பூதக்கண்ணாடியை, இடுக்கிக்கொண்டு பார்த்தான். இடது கண்ணில் மாற்றிப் பார்த்தான். காசின் நடுவில் தாமரை புடைத்து நின்றது. அதைச் சுற்றியிருந்த வெற்றுப் பரப்பில் அவன் மூக்கும் மீசையும் தகரக் கூரையும் கலங்காமல் தெரிந்தன. கண்ணாடி என்றால் அப்படிப்பட்ட கண்ணாடி. ஆனால் கையில் இருந்த ரிப்போர்ட்டில், ஒரே காசின் பரப்பில் அறுபத்து நான்கு மேடுகள் என்றும் பெரியதன் உயரம் ஒன்றரை மைக்ரான் என்றும் போட்டிருந்தது.

ஒரு தலைமயிரின் கனம் ஏறக்குறைய எழுபது மைக்ரான். அதை நெடுக்குவாட்டில் ஐம்பது இழையாகப் பிளந்தால் ஒரு இழை ஒன்றரை மைக்ரான் வரும். அத்தனை சிறிய மேட்டுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். பரப்பு கண்ணாடியாக இல்லாவிட்டால் அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கண்ணாடியில் அறுபது மேடு இருந்தால் விளக்குக்குக் கீழே லேசான மூட்டமாகத் தெரியும். பெங்களூரில் காசுக்கு ஆர்டர் கொடுத்த நகைக்கடைக்காரர்கள் அரை மைக்ரானுக்கு மேல் எந்த மேடும் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு முறை அச்சு மாற்றும்போதும் முதல் மூன்று காசுகளை வெளி லேபில் அளந்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும்.

காசில் மேடு இருந்தால் அதை அடித்த அச்சில், பட்டறைப் பேச்சில் டையில், குழி இருக்கிறது என்று பொருள். அச்சில் குழி இருந்தால் பாலிஷ் போட்டவன் சரியில்லை. கணக்கு அவ்வளவு சுலபம். பதினாறு வருஷமாக அந்தப் பட்டறையில் அச்சுக்குப் பாலிஷ் போடுகிறவன் மாதேஸ்வரன் ஒருவன்தான்.

பட்டறை முதலாளி நாராயணப்பன் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இரண்டாவது ரிப்போர்ட்டும் அப்படியே வந்த அன்று மாதேஸ்வரனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார்.

"ஏமய்யா மாதேசு, கண்ணு கிண்ணு ஏதானா பிரச்சனையா?"

"இல்லீங்க."

"வயசு நாப்பத்தி நாலு ஆவுதில்ல? எனக்கும் நாப்பத்தி நாலுலதான் ஆரம்பிச்சுது. தப்பில்ல."

"டாக்டர்கிட்ட காமிச்சேங்க. படிக்கறதுக்கு ஒண்டி கண்ணாடி போட்டுக்க சொன்னாரு. வேற ஒண்ணும் இல்லேன்னாரு."

"சரி. வர்ற வெள்ளிக்கெழம புது டை போட்டு இன்னொரு தபா அனுப்பலாம். அதுவும் இப்பிடியே வந்தா, திங்கக்கெழமலேர்ந்து பாலிஷ் டேபிள்ல வேற ஆளு. பெங்களூருல ஒர்த்தன் கேட்டுனு இக்கறான். நீ பேக்கிங் பக்கம் லோடு பாத்துக்கோ. உன்ன போன்னு சொல்லல."

போ என்று சொல்லியிருந்தால்கூட மாதேஸ்வரனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்று சாயங்காலம் வீட்டில் களியும் புளிச்சகீரைக் கடைசலும் செய்திருந்தாள் அவன் மனைவி காவேரி. அவளும் அதே பட்டறையில்தான், பேக்கிங்கில். கன்னடம் புழங்கும் தளி ஊர்க்காரி. கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாள். சித்திரை வெயில் பகலெல்லாம் சீட்டுக் கூரையில் அடித்து, இருட்டின பிறகும் வீட்டுக்குள் புழுங்கியது. அவன் களி உருண்டையில் விரலால் குழி பறித்துக் கடைசலை ஊற்றி, வெறுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுல என்னா, லேபு வெச்சிப் பாக்கப் போறீங்களா?" என்றாள்.

"பசிக்கல."

"நேத்தும் பசிக்கல. முந்தாநேத்தும் பசிக்கல. உங்களுக்கோசரம் நானும் எத்தினி நாளு பட்டினி கெடக்கறது?"

"நீ துன்னு."

"நீங்க துன்னாத எனக்கு எறங்குமா?"

அவன் ஒரு வாய் விழுங்கினான். பிறகு சொன்னான்: "உங்கண்ணன் ராமப்பன்கிட்ட கேளு. தோட்டத்துல முட்டக்கோசு அறுக்க ஆளு வேணும்னு சொல்லினு இருந்தானே."

"நீங்க கோசு அறுக்கப் போறீங்களா?"

"கோசுல பாலிஷ் வாணாம் பாரு."

காவேரிக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். "சும்னே இரி, பேசாம இருங்க. நம்ம பொண்ணு சௌமியா ஒம்பதாவது போவப்போறா. இங்க ஸ்கூல வுட்டுட்டு அது தளியில வந்து என்னா பண்ணும்?"

"கையி போச்சுன்னா என்னா பண்றது காவேரி? நான் பாக்கறப்ப ஒண்ணும் இல்ல. மிஷினு பாக்கறப்ப இக்குது. அப்ப என் கண்ணுதான பொய்யி?"

அவள் அவன் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் வைரப் பசை ஏறிச் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. அது எந்த சோப்புக்கும் போகாது.

அச்சுக்குப் பாலிஷ் போடுவது பொறுமைக்காரன் வேலை. எஃகு அச்சின் வெற்றுப் பரப்பை முதலில் நைசான சாணைக் கல்லால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பிறகு வைரப் பொடி கலந்த பசை. முதலில் ஆறு மைக்ரான் பொடி, அடுத்து மூன்று, அடுத்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு மரக்குச்சி, வேறு பஞ்சு. ஆறு மைக்ரான் பசை பட்ட பஞ்சு தப்பித் தவறி ஒரு மைக்ரான் பசையில் பட்டுவிட்டால் அரை நாள் வேலை கீறலாகிப் போகும். ஒரு பசையை வடக்கு தெற்காகத் தேய்த்தால் அடுத்ததைக் கிழக்கு மேற்காகத் தேய்க்க வேண்டும். பழைய கோடு முழுவதும் மறைந்த பிறகுதான் அடுத்த பசைக்குப் போகலாம். அந்த வாரம் மாதேஸ்வரன் புது அச்சுக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். வழக்கமாக ஒரு நாள் போதும்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை முடிந்ததும் அச்சை ஏற்றி மூன்று காசு அடித்தார்கள். மாதேஸ்வரன் லூப்பில் பார்த்துத் தலையை ஆட்டினான். காவேரி பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு மூன்றையும் ஸ்பாஞ்சில் வெட்டிய பள்ளங்களில் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவை மூடி டேப் ஒட்டினாள். இந்த முறை டப்பாவை டெம்போக்காரனிடம் கொடுத்துவிடாமல் மாதேஸ்வரனே தன் வண்டியில் எடுத்துப் போவதாகச் சொன்னான். காவேரியும் அரை நாள் பர்மிஷன் போட்டாள்.

"நீ எதுக்கு?"

"அங்க ரிப்போர்ட் பாத்துட்டு நீங்க அப்பிடியே தளி பஸ்ஸு ஏறிட்டீங்கன்னா? சோறு வேற கட்டினு இக்கறேன்."

லேப் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் இருந்தது. வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததால் அரை மணி நேரம் வெயிலில் நின்றார்கள். டப்பா வண்டியின் பக்கப்பெட்டிக்குள் இருந்தது. அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டால் கை சுட்டது.

லேபில் தஸ்லிம் என்ற பெண்தான் அளப்பவள். கிருஷ்ணகிரிக்காரி, இருபத்தெட்டு வயது. அளக்கிற அறைக்குள் மாஸ்க் கட்டிக்கொண்டுதான் போவாள். மூச்சின் ஈரம் அளக்கிற பரப்பில் படக்கூடாது. டப்பாவை வாங்கி, அறைக்குள் கொண்டுபோய் மூடியபடியே ஒரு கருங்கல் பலகை மேல் வைத்தாள்.

"ரெண்டு அவர் ஆவும் அண்ணா. ஒக்காருங்க."

"என்னாத்துக்கு ரெண்டு அவரு?"

"ஊறணும்."

"வெள்ளி என்னா அரிசியா ஊறறதுக்கு?"

தஸ்லிமுக்குக் கேள்வி கேட்கிறவர்களைப் பிடிக்கும். மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "சூட்டுல உலோகம் உப்பும் அண்ணா. நீங்க வெயில்ல கொண்ணாந்த காசும் நெழல்ல வெச்ச காசும் ஒரே அளவு இக்காது. அதான் எந்த ஊரு லேபா இருந்தாலும் இருவது டிகிரிக்குக் கொண்ணாந்துட்டுதான் அளக்கணும். தூசி படாம மூடியே வெச்சிருப்போம்."

இரண்டு மணி நேரம் கழித்து, "நானும் உள்ள வந்து பாக்கலாமா?" என்றான் மாதேஸ்வரன். தஸ்லிம் ஒரு கணம் யோசித்துவிட்டு அவனுக்கும் ஒரு மாஸ்க் எடுத்துக் கொடுத்தாள். காவேரி வெளியே நாற்காலியில் சோற்றுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

கருவி பார்ப்பதற்குப் பெரிய நுண்ணோக்கி மாதிரி இருந்தது. தஸ்லிம் டேப்பைக் கிழித்துத் திறந்து, முதல் காசை எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தாள். திரையில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் நகர்ந்தன.

"இது காசத் தொடாது அண்ணா. வெளிச்சத்த ரெண்டாப் பிரிக்கும். ஒரு பாதி மிஷினுக்குள்ளயே இக்கற கண்ணாடியில பட்டுத் திரும்பும். இன்னொரு பாதி உங்க காசுல பட்டுத் திரும்பும். ரெண்டும் ஒரே தூரம் போய்ட்டு வந்து சேந்தா, அந்த எடத்துல இந்த வரி தெரியும். லென்ஸு கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். மேடான எடத்துல வரி மொதல்ல வரும், பள்ளத்துல கடைசியா வரும். எந்தப் புள்ளியில எப்ப வரி வந்துச்சுன்னு கம்ப்யூட்டரு குறிச்சிக்கும். அதுதான் ஒயரம்."

"வெளிச்சத்தாலயே அளக்கறதா?"

"வெளிச்சம்தான் அளவுகோலு."

மாதேஸ்வரன் தன் கஷ்டத்தை ஒரு நிமிஷம் மறந்து திரையையே பார்த்தான். படம் வந்தது. பள்ளம் நீலம், மேடு சிவப்பு. அவன் தேய்த்த பரப்பு நீலத் தரையாக விரிந்தது. அதன் மேல் சிவப்பு முட்கள் முளைத்திருந்தன. ஐம்பத்தெட்டு என்று எண் வந்தது.

"போச்சு" என்றான்.

ஒரு காசை எட்டு இடத்தில் பார்க்க இருபத்தைந்து நிமிஷம் ஆகும். இரண்டாவது காசில் இருபத்தேழு மேடுகள். மூன்றாவதில் ஆறு. தஸ்லிம் எண்களை ரிப்போர்ட்டில் ஏற்றத் தொடங்கினாள். மாதேஸ்வரன் திரையை விட்டு நகரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? மூணு காசும் ஒரே டைல அடிச்சது."

"ஆமா."

"டைல ஒரு குழி இருந்தா, அது எங்க போவும்? மொத காசுல தாமரைக்குக் கீழ மேடு வந்தா, ரெண்டாவது காசுலயும் தாமரைக்குக் கீழதான் வரணும். மூணாவதுலயும் அங்கதான் வரணும். ஐம்பத்தெட்டு எப்பிடி ஆறு ஆவும்? குழி ஓடியாப் போச்சு?"

தஸ்லிமின் கை நின்றது. ரிப்போர்ட்டில் எண்ணிக்கையும் உயரமும் மட்டும்தான் போகும். எந்த இடம் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் பார்த்ததில்லை. மூன்று படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். தாமரை தாமரையோடு பொருந்தியது. ஒரு முள்கூட இன்னொரு முள்ளோடு பொருந்தவில்லை.

"அண்ணா, இது டை இல்ல" என்றாள் மெதுவாக.

பழைய இரண்டு ரிப்போர்ட்டுகளையும் எடுத்தாள். முதல் முறை அறுபத்து நான்கு, முப்பத்தொன்று, ஒன்பது. இரண்டாம் முறை அறுபத்தொன்று, முப்பது, ஏழு. எப்போதும் முதலில் அளந்த காசில் அதிகம், கடைசியில் அளந்ததில் குறைவு.

"காசுக்கு நம்பரு கெடையாது. நான் எடுக்கற வரிசதான். அப்ப இது காசுல இல்ல, நேரத்துல இக்குது."

முதல் காசை மறுபடியும் லென்ஸின் கீழ் வைத்தாள். லென்ஸ் இறங்கியது. வரிகள் ஓடின. மாதேஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். படம் வந்தது. நீலத் தரை. ஒரு முள் இல்லை. பூஜ்யம்.

மாதேஸ்வரன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். "யம்மா" என்றான். மாஸ்க்குக்குள் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"எந்திரிங்க அண்ணா, தரை சில்லுனு இக்கும்."

"இக்கட்டும் வுடு மேடம்."

ஆனால் தஸ்லிமுக்கு அது போதவில்லை. தானாக வந்து தானாகப் போவது எது? தண்ணீர் இல்லை. குளிர்ந்த காசை வெக்கைக்குக் கொண்டுபோனால் ஈரம் பூக்கும். இங்கே நடப்பது தலைகீழாக இருக்கிறது. தூசி என்றால் எழுந்து போகாது. எண்ணெய் என்றால் காயாது.

"டப்பா யாரு பேக் பண்றது?"

"எம் பொண்டாட்டிதான். வெளிய இக்கறா."

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். காவேரி எழுந்து நின்றாள். புருஷன் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, "என்னாச்சு? அதேதானா?" என்றாள்.

"இல்லக்கா, அண்ணன் வேலையில ஒரு கொறையும் இல்ல" என்றாள் தஸ்லிம். "இந்த டப்பாவுல காசத் தவிர வேற ஏதாச்சும் வெப்பீங்களா?"

"ஒண்ணும் இல்லியே. காசு, ஸ்பாஞ்சு, அவ்ளோதான்." கொஞ்சம் யோசித்தாள். "அடியில ஒரு கட்டி கற்பூரம் வெப்பேன். அது ஒண்டிதான்."

தஸ்லிம் மாதேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாத்துக்குடி கற்பூரம்?" என்றான் மாதேஸ்வரன்.

"மாசில காசு திரும்பி வந்தப்ப ஓரத்துல மஞ்சளாப் பூத்துகினு இக்குதுன்னு நீங்கதான தலையில அடிச்சுகினீங்க? எங்க வூட்ல கொலுசு, அரைஞாண் எல்லாம் கற்பூரம் போட்டுத்தான் வெப்போம். கறுக்காது. அதான் உங்க காசுக்கும் வெச்சேன்." அவள் குரல் இறங்கியது. "ஏன், தப்பா?"

தஸ்லிம் உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்தாள். ஸ்பாஞ்சைத் தூக்கினாள். அடியில், கரைந்து பாதியாகிப் போன ஒரு வெள்ளை வில்லை இருந்தது. டப்பாவின் உள்சுவரில் அதைச் சுற்றிப் பொடிப் பொடியாக மினுக்கம் ஒட்டியிருந்தது.

"வாசன வந்துச்சுக்கா. மொத தபாவே வந்துச்சு" என்றாள் தஸ்லிம், தலையில் கைவைத்துக்கொண்டு. "ஓசூர்ல வெள்ளிக்கெழம எந்தப் பட்டற டப்பாவத் தெறந்தாலும் இதே வாசனதான். பேரிங்கு வந்தாலும் கற்பூரம், கியரு வந்தாலும் கற்பூரம். பூஜ வாசனைன்னு வுட்டுட்டேன். அது உள்ளயே இக்கும்னு தோணல."

கற்பூரம் உருகாமலே ஆவியாகும். தகரக் கூரையின் கீழும் வண்டிப் பெட்டியிலும் சூடேறிய டப்பாவுக்குள் அந்த ஆவி நிறைந்து நின்றது. அப்படியே இருபது டிகிரிக்கு வந்ததும் குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஆவியையும் சுமக்க முடியவில்லை. மிஞ்சியது மறுபடி கட்டியாகி, குளிர்ந்த வெள்ளியின் மேல் கண்ணுக்குத் தெரியாத படிகங்களாக உட்கார்ந்தது. இரண்டு மணி நேரம் மூடியே ஊறவைத்தது அதற்கு நல்ல வசதி. மூடியைத் திறந்ததும் படிகங்கள் ஒவ்வொன்றாக ஆவியாகிப் பறக்கத் தொடங்கின. முதல் காசை அளக்கும்போது நிறைய இருந்தன, மூன்றாவதற்குள் பெரும்பாலும் போய்விட்டன. திரும்புகிற வழியில் குளிரிலிருந்து சூட்டுக்குப் போவதால் மறுபடி படிய வழியில்லை. பட்டறைக்கு வந்த காசில் மாதேஸ்வரனின் கண் பார்த்ததும் உண்மை, லேபில் கருவி பார்த்ததும் உண்மை.

காவேரி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ தேவரே. ரெண்டு மாசமா உங்க வேலைக்கு உல வெச்சது நானா?"

மாதேஸ்வரன் அவளைப் பார்த்தான். கோபப்படத்தான் வாயைத் திறந்தான். வந்தது சிரிப்பு. வயிற்றிலிருந்து கிளம்பி, இருமலாகி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான்.

"இன்னா சிரிப்பு? திட்டறதுன்னா திட்டிடுங்க."

"கண்ணு டாக்டருகிட்ட ஒரு நாளு பூரா க்யூவுல நின்னண்டி! போடி, சோறப் போடு. பசிக்குது."

தஸ்லிம் மட்டும் இன்னும் திருப்திப்படவில்லை. நிரூபித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றாள். ஒரு காசை அதே டப்பாவில் கற்பூரத்தோடு மூடி வெளியே வெயிலில் வைத்தாள். இன்னொரு காசை லேபின் கழுவித் துடைத்த டப்பாவில் வெறுமனே மூடி, அதன் பக்கத்திலேயே வைத்தாள். அரை மணி கழித்து இரண்டையும் உள்ளே எடுத்துப்போய் ஊறவைத்தாள். அதற்குள் மூன்று பேரும் காம்பவுண்டு புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தயிர்ச்சோறு, வெட்டுமாங்காய் ஊறுகாய். மாதேஸ்வரன் தன் பங்கை முடித்துவிட்டுக் காவேரியின் டப்பாவிலும் கைவைத்தான்.

"தளிக்குச் சொல்லி அனுப்பட்டா? கோசு அறுக்கறதுக்கு?" என்றாள் அவள்.

"உங்கண்ணனயே அறுத்துக்கச் சொல்லு."

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு முடிவு வந்தது. கற்பூரத்தோடு இருந்த காசில் நாற்பத்தொன்பது மேடுகள். வெறும் டப்பாவில் இருந்ததில் ஒன்றுகூட இல்லை. தஸ்லிம் இரண்டு படங்களையும் நாராயணப்பனின் போனுக்கு அனுப்பிவிட்டு, அவரைக் கூப்பிட்டு முதலிலிருந்து சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "அப்ப வெள்ளிக்கெழம பூஜய நிறுத்திரணுமா மேடம்?" என்றார்.

"வேணாங்க சார். பூஜ மிஷினுக்குப் பண்ணுங்க. டப்பாவுக்குப் பண்ணாதீங்க."

"மாதேசுகிட்ட குடும்மா போன."

மாதேஸ்வரன் வாங்கிக் காதில் வைத்தான்.

"ஏமய்யா, பெங்களூர்க்காரனுக்கு வேணாம்னு சொல்லிடறேன். திங்கக்கெழம உன் டேபிள்ல நீ ஒக்காரு. நானு தப்பா நெனச்சிட்டேன். மனசுல வெச்சுக்காத."

"சரிங்க" என்றான் மாதேஸ்வரன். போனைத் தஸ்லிமிடம் திருப்பிக் கொடுத்தான்.

காவேரிக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "கற்பூரம் வெக்கலன்னா மஞ்சப் பூக்குமே, அதுக்கு என்னா பண்றது?"

தஸ்லிம் மேஜை இழுப்பறையிலிருந்து பழுப்பு நிறக் காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வெள்ளியைக் கறுக்கவைக்கிற கந்தகப் புகையைத் தானே உறிஞ்சிக்கொள்கிற காகிதம் அது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்கள். அதிலிருந்து எந்த ஆவியும் வராது. அதை எங்கே வைத்தால் போதும் என்று காவேரி இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

பிறகு தஸ்லிம் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் குறிப்பு எழுதினாள். மாதேஸ்வரன் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் காவேரிக்குச் சத்தமாக வாசித்தான்:

"மாதிரிக் காசுகளைக் கழுவித் துடைத்த டப்பாவில் வெள்ளி கறுக்காமல் காக்கும் காகிதம் மட்டும் வைத்து அனுப்பவும். கற்பூரமோ வாசனை உள்ள வேறு பொருளோ உள்ளே வைக்கக் கூடாது. லேபுக்கு வந்ததும் மூடியைத் திறந்து, மெல்லிய துணி போர்த்தி, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு அளக்கவும். முதலில் அளந்த காசைக் கடைசியில் இன்னொரு முறை அளக்கவும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது அச்சின் குறை."